பலூனுக்குக் கீழே கறுப்பாக இருக்கும் இடம்

உங்கள் பயிற்சி வகுப்பின் அழைப்பிதழில் அச்சடித்திருக்கும் படம் என்னுடையது. என்னைக் கேட்காமல்தான் போட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, நம் தொழிலில் அதற்குப் பெயர் மரியாதை. உள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் எரிகிற பலூன், பின்னால் கருநீல வானம், ஓரத்தில் இரண்டு தென்னைகள். அதற்குக் கீழே, அந்தி வெளிச்சத்தில் எக்ஸ்போஷர் அளப்பது பற்றி நான் பேசுவேன் என்று போட்டிருக்கிறீர்கள். நேரில் வந்து பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். அதனால் எழுதி அனுப்புகிறேன். யாராவது ஒருவர் சத்தமாக வாசியுங்கள். பின்வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

கேட்டதை முதலில் சொல்லித் தொலைக்கிறேன். பலூனுக்குள் பர்னர் எரிவது இரண்டு மூன்று விநாடிதான். எரியும்போது துணி முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். அணைந்ததும் இருண்ட பூசணிக்காய் மாதிரித் தொங்கும். கேமராவைத் தானாக அளக்க விட்டால், எரியும்போது ஒன்று சொல்லும், அணையும்போது வேறொன்று சொல்லும். அதனால் எரிகிற நேரத்தில் துணியின் பளிச்சென்ற பகுதியை மட்டும் அளந்து, அந்த அளவை அப்படியே பூட்டிவிட வேண்டும். சூரியன் விழுந்து கால் மணி நேரம் கழித்து, வானத்தின் வெளிச்சமும் பலூனின் வெளிச்சமும் ஒத்துப்போகிற ஒரு பத்து நிமிடம் வரும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வித்தை அவ்வளவுதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். துணிக்கு அளந்தால் தரையில் இருப்பதெல்லாம் கறுப்பாகப் போகும். தரைக்கு அளந்தால் பலூன் வெளுத்துப்போகும். இரண்டில் எது போனால் பரவாயில்லை என்று முடிவெடுப்பது நாம். அந்த முடிவை நான் எடுத்த ஒரு சாயங்காலத்தைப் பற்றித்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் எங்கள் ஆபீசில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம் என்றாலும், திருவனந்தபுரத்தில் ஒரு மலையாள நாளிதழில்தான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். எங்கள் படப்பிரிவுத் தலைவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாம் வெளியே போய் வந்ததும் மெமரி கார்டை வாங்கி, பெரிய திரையில் போட்டு, எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு படமாகத் தள்ளுவார். வெளுத்த படமோ கறுத்த படமோ வந்தால் அங்கேயே நிறுத்தி, "இது யாரு எடுத்தது? இவிடெ ஆரெங்கிலும் படிக்கான் வந்நிட்டுண்டோ?" என்பார். இங்கே யாராவது கற்றுக்குட்டி வந்திருக்கிறாரா என்று கேட்கிறாராம். எல்லோரும் சிரிப்பார்கள். அன்றைக்கு முழுக்க அந்தச் சிரிப்பு ஓடும். நானும் பிறர் படத்துக்குச் சிரித்திருக்கிறேன், நன்றாகவே சிரித்திருக்கிறேன். அதனால் எங்களில் யாரும் சோதனைக்கு எடுத்த படத்தை ஆபீஸ் வரை கொண்டுபோக மாட்டோம். எடுத்த இடத்திலேயே கட்டைவிரலால் அழித்துவிடுவோம். பல் துலக்குவதுபோல அது கைப்பழக்கம் ஆகிவிட்டது.

ஊர் ஓரத்தில், கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு மைதானத்தில் பலூன் திருவிழா வைத்தார்கள். ஏதோ ஒரு நிகழ்ச்சி நிறுவனம் நடத்தியது. பலூன் ஊர்மேல் பறக்காது. மூன்று பக்கமும் கயிற்றால் கட்டி, கூடையில் ஆட்களை நிறுத்தி, தென்னை உயரத்துக்கு ஏற்றி இறக்குவார்கள். இரண்டு கயிறுகள் லாரிகளில் கட்டியிருந்தன. மூன்றாவது கயிறு ஒரு ஜீப்பின் பின்கொக்கியில் கட்டியிருந்தது. கயிற்று வேலைக்கு அந்தப் பக்கத்தில் கட்டட வேலை செய்கிற ஆட்களை நாள் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். ஜீப் கயிற்றைப் பார்த்துக்கொண்டவர் பெயர் சுடலைமுத்து. நாற்பது வயது இருக்கும், திசையன்விளைப் பக்கம். அன்றைக்கு எனக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சூரியன் விழுந்ததும் மற்ற பத்திரிகைக்காரர்கள் மூன்று பேரும் நானும் மேற்குப் பார்த்து வரிசையாக நின்றோம். முதலில் தரைக்கு அளந்து இரண்டு படம் எடுத்துப் பார்த்தேன். கேமராவின் பின்திரையில் பலூன் வெள்ளை வேட்டிபோல வெளுத்துக் கிடந்தது. ஆனால் தரை அத்தனையும் தெளிவாக இருந்தது. ஜீப், அதன் கொக்கி, கொக்கியில் சுற்றிய கயிறு, குனிந்து முடிச்சை இழுத்துப் பார்க்கிற ஒரு மனிதன், அவன் முதுகில் காய்ந்த சிமென்ட் எல்லாம் தெரிந்தன. படம் என்கிற வகையில் அது குப்பை. இரண்டையும் அழித்தேன். அழிக்கும்போது ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

பிறகு துணிக்கு அளந்தேன். அளவு நிற்கவில்லை. ஆட்களுக்குத் தரை தெரிய வேண்டும் என்று அந்த ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்த விளக்கைப் போட்டிருந்தார்கள். அது நேராக லென்சுக்குள் அடித்தது. வானம் மங்கிக்கொண்டே போனது, எனக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் நான்கு போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். "ஃபர்ஸ்ட் பேஜாணு கேட்டோ. க்ளீன் ஃபிரேம் வேணம்." முதல் பக்கத்துக்காம், படத்தில் வேறெதுவும் துருத்தக் கூடாதாம். போனை வைத்துவிட்டு நான் கத்தினேன். நாலு பேரில் முதலில் கத்தியது நான்தான், மற்றவர்கள் அப்புறம்தான் சேர்ந்துகொண்டார்கள்.

"எடோ, ஆ ஜீப்பு மாட்டடோ! லைட்டு அடிக்குந்நு! படம் போவும்!"

அந்த ஜீப்பை அங்கிருந்து மாற்று, விளக்கு அடிக்கிறது என்றேன். விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். விளக்கு அணைந்தாலும் ஜீப்பின் உருவம் படத்தின் மூலையில் துருத்திக்கொண்டு நிற்கும், தென்னைக்குப் பக்கத்தில் அசிங்கமாக இருக்கும், அதனால் ஜீப்பையே மாற்றச் சொன்னேன். அது கட்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் அதைப் படமெடுத்துப் பார்த்திருந்தேன்.

நிறுவனத்தின் மேற்பார்வையாளர் கையில் வயர்லெஸ்ஸுடன் ஓடிவந்தார். பத்திரிகைக்காரர்கள் சொன்னால் அவர்களுக்கு வேதவாக்கு. முதல் பக்கப் படத்துக்காகத்தானே திருவிழாவே. அவர் ஏதோ சொல்ல, குனிந்திருந்த மனிதர் கயிற்றை அவிழ்த்தார். ஜீப் இருட்டுக்குள் போனது. கயிறு அவர் கையில் இருந்தது. இன்னும் இரண்டு பேர் அவருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஃபிரேம் சுத்தமானது. பர்னர் எரிந்தது. எடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சீட்டியடித்துக்கொண்டே எடுத்தேன்.

ஆறாவதோ ஏழாவதோ படத்தின்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று. பெரிய காற்றுகூட இல்லை. பலூன் அந்த மூன்றாவது கயிற்றின் பக்கமாகத் தலை சாய்த்து, பிறகு எதிர்ப்பக்கம் சரிந்தது. பின்னால் பிடித்திருந்த இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். சுடலைமுத்து விடவில்லை. கயிறு அவர் உள்ளங்கை வழியாக ஓடியது, அவரையும் தரையில் இழுத்துக்கொண்டு போனது. கூடை லாரியின் மூலையில் மோதித் தரையில் விழுந்து கவிழ்ந்தது. அதில் இருந்த, கழக்கூட்டத்தில் மென்பொருள் கம்பெனி வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்தப் பெண்ணின் அலறல் வரும்வரை நான் வ்யூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் என் படம் முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்தில் வந்தது. அடியில் 'விபத்துக்குச் சில நிமிடங்களுக்கு முன்' என்று ஒரு வரி. படப்பிரிவுத் தலைவர் பெரிய திரையில் போட்டுக் காட்டி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

சுடலைமுத்துவின் மேல் போலீஸ் வழக்கானது. நிறுவனத்தார் சொன்னது இது: மூன்றாவது கயிற்றை இரும்பு முளையில் கட்டச் சொல்லியிருந்தோம், இந்த ஆள் கட்டாமல் சோம்பேறித்தனமாகக் கையில் வைத்திருந்தான், ஜீப் என்று ஒன்று அங்கே நிற்கவே இல்லை. ஜீப் டிரைவர் அவர்களுடைய ஆள், அவரும் அதையே சொன்னார். பலூன் ஓட்டியவர், தான் மேலே தீயைத்தான் பார்த்ததாகவும் கயிறு தரைக்காரர்கள் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு ஊருக்கு விமானம் ஏறினார். கயிறு பிடித்த மற்ற இரண்டு பேரும் அன்றைக்கே எங்கேயோ போய்விட்டார்கள். என்னோடு சேர்ந்து கத்திய மூன்று பத்திரிகைக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஆயிரம் போன் இருந்ததே என்று கேட்பீர்கள். ஆயிரமும் தீயைத்தான் பார்த்தன, ஆயிரத்திலும் தரை கறுப்புதான். கடைசியில் நிறுவனத்தார் சாட்சியாக என்ன கொண்டுவந்தார்கள் தெரியுமா? எங்கள் பத்திரிகையின் முதல் பக்கம். பாருங்கள், இதில் ஜீப் எங்கே இருக்கிறது?

ஸ்டேஷனில் எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்து மரியாதையாகத்தான் கேட்டார். "சாரே, ஜீப்பு உண்டாயிருந்நோ அவிடெ?" அங்கே ஜீப் இருந்ததா என்று.

முந்தின நாளே ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், நீ படமெடுக்கிறவன், படம் பேசட்டும், நீ பேசாதே என்று. அதன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு இப்போது விருப்பமில்லை. யாரும் சொல்லியிருக்காவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். ஜீப் இருந்தது என்றால் அடுத்த கேள்வி, அதை மாற்றச் சொன்னது யார் என்பதுதான்.

"ஞான் பலூனாணு நோக்கியிருந்நது, சாரே" என்றேன். நான் பலூனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து சுடலைமுத்து ஆபீசுக்கு வந்தார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டுவரை கட்டு. வாசலில் காவலாளி உள்ளே விடாமல் நிறுத்த, நான் கீழே இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் கும்பிடக் கையைத் தூக்கி, கட்டு இடிக்கவும் பாதியில் விட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க நாரோயில் பக்கம்னு சொன்னாவ. நம்ம பாசை பேசுத ஆளுன்னு கேட்டு வந்தேன்."

"உள்ள வாரும். மொதல்ல ஒரு எடத்துல இரியும்" என்றேன். வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"உக்காருததுக்கு வரல அண்ணாச்சி. ஒரே ஒரு காரியம். அன்னைக்கு ஒரு கேமராக்காரரு ஜீப்ப மாத்துன்னு சத்தம் போட்டாரு. மலையாளத்துல. லைட்டு எங் கண்ணுல அடிச்சுதா, ஆளு யாருன்னு தெரியல. அவரு சொல்லித்தான் சூப்பர்வைசரு அவுக்கச் சொன்னாரு. ரெண்டே ரெண்டு நிமிசம் கையில பிடிச்சுக்கிடு, படம் எடுத்ததும் மறுபடி கெட்டிரலாம்னாரு. அந்தக் கேமராக்காரரு மட்டும் வந்து, ஆமா, ஜீப்பு நின்னுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். எங்கயும் சொல்ல வேண்டாம், அந்த எஸ்.ஐ. கிட்ட சொன்னா போதும். நீங்க ஒரே தொழில்ல இருக்கிய. கண்டுபிடிச்சுச் சொல்லுவியளா?"

நான் அவர் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் போன் அடித்தது. எங்கள் படப்பிரிவில் யாரோ ஒரு பையன் ஒரு விழாப் படத்தைத் தவறாக அனுப்பிவிட்டான். எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அவன்மேல் இறங்கியது. "எடோ, அது மாட்டடோ!" என்று தொடங்கி மலையாளத்தில் நன்றாகக் கத்திவிட்டு வைத்தேன்.

திரும்பியபோது சுடலைமுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரவேற்பறை மேசையில் கிடந்த பழைய பத்திரிகைக் கட்டைக் காட்டினார்.

"அந்தப் படம் இருக்கா அண்ணாச்சி?"

தேடி எடுத்து விரித்துக் கொடுத்தேன். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனியால் பலூனுக்குக் கீழே இருந்த கறுப்பை மெதுவாகத் தடவினார்.

"இதுல நான் எங்கன நிக்கேன்?"

எனக்கு இடம் தெரியும். இடது மூலை, தென்னைக்கு ஒரு விரல்கடை தள்ளி. சுட்டிக் காட்டினேன்.

"ஒண்ணுமே தெரியலயே" என்றார்.

"விசாரிக்கேன்" என்றேன் நான். "யாருன்னு தெரிஞ்சா சொல்லி அனுப்புதேன்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். வாசலில் செருப்பைப் போடக் காலால் துழாவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வருவாரோ என்று பயந்தேன். வரவில்லை.

அன்றைக்குத்தான் அழித்த அந்த இரண்டு படங்களையும் மீட்க முடியுமா என்று பார்த்தேன். அதற்கென்று மென்பொருள் இருப்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் அதே கார்டில் அதற்குள் ஒரு கட்சி ஊர்வலம், இரண்டு கல்லூரி விழா, ஒரு கோயில் கொடியேற்றம் என்று நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருந்தேன். மறுநாளே தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அச்சான படத்தின் கறுப்பையும் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். அவசரமாக அனுப்பச் சுருக்கிய ஜேபெக் கோப்பாக எடுத்தது, அதில் எதுவும் இல்லை, வெறும் புள்ளிகள்தான் வந்தன. உண்மையில், வரவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் பஸ் ஏறி வந்து கோர்ட் வராந்தாவில் நின்றார். கடைசியில் அலுத்துப்போய், குற்றத்தை ஒப்புக்கொண்டால் முடிந்துவிடும் என்று யாரோ சொல்ல, ஒப்புக்கொண்டுவிட்டார். கவனக்குறைவால் ஒரு பெண்ணை முடமாக்கியவர் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. அந்த மைதானத்தில் கடைசிவரை கயிற்றை விடாத ஒரே ஆள் அவர்தான். எனக்கு அந்தப் படத்துக்காக ஆபீசில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். சுற்றுலா நாட்காட்டியில் வந்தது. இப்போது உங்கள் அழைப்பிதழிலும் வந்திருக்கிறது.

போன மாதம், உங்கள் அழைப்பிதழ் வந்த மறுநாள், அவரைத் தேடிப் போனேன். முன்பு அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள், அவர் விதுராவில் ஒரு லாட்ஜில் காவல் வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் தங்குகிற சின்ன லாட்ஜ். கொத்துக்கரண்டி பிடிக்க முடியாத கைக்கு அந்த வேலைதான் கிடைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். எதிர்க்கடையில் டீ சொன்னார். கண்ணாடி கிளாசை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்துத்தான் தூக்கினார், விரல்கள் மடங்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதே எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாசகம் வாசகமாகத் தயார் செய்திருந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கு ஜீப்ப மாத்தச் சொன்ன கேமராக்காரன் நான்தான்" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாசைக் கீழே வைத்தார்.

"தெரியுமே அண்ணாச்சி. அன்னைக்கு உங்க ஆபீசுல போன்ல யாரையோ மலையாளத்துல வெரட்டுனிய பாருங்க, அப்பவே சத்தம் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா போலீசுல சொல்லாம இருந்தீரு?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க சொல்லணும்லா." பஸ் ஒன்று சத்தத்துடன் கடந்துபோகும்வரை பொறுத்திருந்தார். "ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வாசலப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். இன்னைக்கு வந்துருவிய, இன்னைக்கு வந்துருவியன்னு."